உலாவி இடைமுக மாற்றங்களும் பயனர் இடர்ப்பாடுகளும்

இணைய உலாவி ஒன்றின் புதிய பதிப்பில் பொத்தான்கள், பட்டிகள், தாவல்கள், குறுக்குவிசைகள் ஆகியவற்றின் இடமோ வடிவமோ செயலோ மாறுவதை உலாவி இடைமுக மாற்றம் என்பர். இத்தகைய மாற்றம் வரும்போதெல்லாம் பயனர்களில் ஒரு பகுதியினர் எரிச்சலடைகின்றனர். பழைய தோற்றத்தைத் திரும்பக் கேட்கின்றனர். சிலர் வேறு உலாவிக்கு மாறிவிடுகின்றனர். புதுமையை ஏற்க மறுக்கும் மனப்பான்மையே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். பொழுதுபோக்குக்காக உலாவியைத் திறப்பவருக்கு மாற்றம் சில நாள் எரிச்சலோடு முடிந்துவிடும். உலாவி வழியாகவே காலக்கெடுவுக்குள் வேலை முடிக்க வேண்டியவருக்கு அதே மாற்றம் நேரத்தையும், சில வேளைகளில் பணத்தையும் செலவாக்கும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் வடசென்னைப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே சரக்குப் பெட்டகங்களின் போக்குவரத்து பெரும்பாலும் உலாவிப் பக்கங்களில் நிரப்பப்படும் படிவங்களைச் சார்ந்துள்ளது. இக்கட்டுரை உலாவி இடைமுகம் மாறிவந்த வரலாறு, எரிச்சல் எழும் காரணங்கள், துறைமுக ஆவணப் பணியில் அதன் விளைவு, பயனர் எடுக்கக்கூடிய முன்னெச்சரிக்கைகள் ஆகியவற்றை விளக்குகிறது.

உலாவித் தோற்றத்தின் வரலாறு

படங்களையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிய மொசைக் உலாவி 1993-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு நெட்ஸ்கேப் நேவிகேட்டரும், 1995-இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் வந்தன. இவை அனைத்திலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. மேலே சொற்களால் ஆன பட்டி வரிசை, அதன் கீழே பின்செல், முன்செல், நிறுத்து, புதுப்பி என்ற பொத்தான்கள், அடுத்து முகவரிப் பட்டை, நடுவே பக்கம், அடியில் நிலைப்பட்டை. கணினிப் பயிற்சி மையங்களும் பாடநூல்களும் இந்த அமைப்பையே கற்பித்தன.

இந்த ஒழுங்கைப் பெரிய அளவில் கலைத்தது 2006 அக்டோபரில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7. அதற்கு முந்தைய ஆறாம் பதிப்பு 2001-இல் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகள் ஒரே தோற்றத்தில் பழகியவர்களுக்கு, ஏழாம் பதிப்பில் பட்டி வரிசை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆல்ட் விசையை அழுத்தினால்தான் அது தோன்றும். நிறுத்து, புதுப்பி பொத்தான்கள் முகவரிப் பட்டையின் வலப்புறத்துக்குச் சென்றிருந்தன.

2008 செப்டம்பரில் கூகுள் குரோம் வந்தது. தாவல்கள் சாளரத்தின் உச்சிக்கு ஏறின. பட்டி வரிசை என்ற ஒன்றே இல்லாமல் போனது. முகவரிப் பட்டையும் தேடல் பெட்டியும் ஒன்றாயின. மற்ற உலாவிகளும் இந்த வழியைப் பின்பற்றத் தொடங்கின. 2011 மார்ச்சில் வெளியான ஃபயர்பாக்ஸ் 4, தாவல்களை மேலே கொண்டுசென்று, விண்டோஸ் கணினிகளில் பட்டி வரிசையை ஒரே பொத்தானுக்குள் அடக்கி, அடியிலிருந்த நிலைப்பட்டையை நீக்கியது.

2014 ஏப்ரல் 29 அன்று வந்த ஃபயர்பாக்ஸ் 29-இன் வடிவமைப்புக்கு ஆஸ்திராலிஸ் என்று பெயர். வளைந்த தாவல்களும் மூன்று கோடுகள் கொண்ட பட்டிப் பொத்தானும் அதில் அறிமுகமாயின. பழைய தோற்றத்தை மீட்டுத் தருவதற்காகவே உருவாக்கப்பட்ட கிளாசிக் தீம் ரெஸ்டோரர் என்ற நீட்சி அப்போது பரவலாகப் பயன்பட்டது. 2017 நவம்பர் 14 அன்று வெளியான ஃபயர்பாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகளை முழுவதுமாகக் கைவிட்டதால் அந்த நீட்சியும் செயலிழந்தது. 2021 ஜூன் 1 அன்று வந்த ஃபயர்பாக்ஸ் 89, தாவல்களைப் பட்டையிலிருந்து பிரிந்து நிற்கும் பொத்தான்கள்போல மாற்றியது. மறைவான அமைப்புப் பக்கத்தில் ஒரு மதிப்பை மாற்றிப் பழைய தோற்றத்துக்குத் திரும்பும் வழி சில வாரங்கள் இருந்தது. 91-ஆம் பதிப்பில் அதுவும் அடைக்கப்பட்டது.

மற்ற உலாவிகளும் இதே சிக்கலைச் சந்தித்தன. 2018 செப்டம்பரில் வந்த குரோம் 69, முகவரியின் தொடக்கத்தில் வரும் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' எழுத்துகளை மறைத்தது. கண்டனம் எழுந்ததும் அம்மாற்றம் தற்காலிகமாகத் திரும்பப் பெறப்பட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் வந்தது. 2021-இல் ஆப்பிளின் சஃபாரி 15, ஐபோனில் முகவரிப் பட்டையைத் திரையின் அடிப்பகுதிக்கு இறக்கியது. சோதனைக் காலத்திலேயே எதிர்ப்பு வந்ததால், அதை மீண்டும் மேலே வைத்துக்கொள்ளும் தெரிவு சேர்க்கப்பட்டது. 2023-இல் குரோம், தரவிறக்கிய கோப்புகளைச் சாளரத்தின் அடியில் காட்டிவந்த பட்டையை எடுத்துவிட்டு, மேல் வலப்புறத்தில் ஒரு சிறு குறியாக மாற்றியது.

தோற்றத்தைவிடப் பெரிய மாற்றம் வேகத்தில் நிகழ்ந்தது. முன்பு புதிய பதிப்பு என்பது ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, பயனரே நிறுவிக்கொள்ளும் ஒன்று. குரோம் தன்னைத்தானே பின்னணியில் புதுப்பித்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. 2010 முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு பதிப்பு என்றும், 2021 முதல் நான்கு வாரங்களுக்கு ஒன்று என்றும் அதன் சுழற்சி அமைந்தது. ஃபயர்பாக்ஸும் 2011-இல் ஆறு வாரச் சுழற்சிக்கும் பின்னர் நான்கு வாரச் சுழற்சிக்கும் மாறியது. இவற்றில் பெரும்பாலான பதிப்புகளில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் குறைவு. ஆனால் எந்த நாள் காலையில் மாற்றம் வந்திருக்கும் என்பது பயனரின் முடிவாக இல்லாமல் போனது.

எரிச்சல் எழும் காரணங்கள்

கைப்பழக்கம்: மிதிவண்டி ஓட்டுவது, தட்டச்சு செய்வது போன்ற திறன்கள் செயல்முறை நினைவில் பதிகின்றன. பலமுறை செய்த பிறகு அவற்றுக்குத் தனிக் கவனம் தேவைப்படுவதில்லை. உலாவியில் ஒரு பொத்தானை நாள்தோறும் நூறு முறை அழுத்துபவரின் கையும் அப்படியே பழகுகிறது. பொத்தான் இடம் மாறினால் கை பழைய இடத்துக்கே செல்லும். அங்கே எதுவும் இல்லாதபோது கண் தேடத் தொடங்குகிறது. அந்த நொடியில் கவனம் வேலையை விட்டு உலாவிமீது திரும்புகிறது. ஒருமுறை தேடுவது சில நொடிதான் என்றாலும், ஒவ்வொரு முறையும் வேலையின் தொடர்ச்சி அறுபடுகிறது.

இழப்பின் எடை: கிடைக்கும் நன்மையைவிட அதே அளவு இழப்பு மனத்தில் அதிகமாக உறைக்கும் என்பதை டேனியல் கானமன், ஆமோஸ் டிவெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் விளக்கினர். புதிய பதிப்பு தரும் வசதியைப் பயனர் இன்னும் அனுபவித்திருக்கமாட்டார். போன வசதியோ அவருக்கு நன்றாகத் தெரிந்தது. எனவே கணக்கில் சமமான மாற்றம்கூட அவருக்கு நட்டமாகவே தோன்றும்.

சொற்கள் மறைதல்: பழைய பட்டி வரிசையில் சொற்கள் இருந்தன. இப்போது குரோமில் செங்குத்தான மூன்று புள்ளிகள், எட்ஜில் கிடையான மூன்று புள்ளிகள், ஃபயர்பாக்ஸில் மூன்று கோடுகள். தொலைபேசியில் வழிகாட்டுபவர் முன்பு ஒரு சொல்லைச் சொன்னால் போதும். இப்போது குறியின் வடிவத்தையும் அது இருக்கும் மூலையையும் விவரிக்க வேண்டும். அச்சிட்ட வழிகாட்டிகளும் குறிப்பேட்டில் எழுதிவைத்த படிகளும் ஒரே நாளில் பழையவை ஆகிவிடுகின்றன. கணினியை முறையாகப் படிக்காமல், பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுக் கற்றவர்களை இது அதிகம் பாதிக்கிறது.

இந்த மூன்று காரணங்களால் எழும் எரிச்சல் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். கை புதிய இடத்தைக் கற்றுக்கொள்ளும். ஆனால் பொத்தானின் இடம் மாறுவது வேறு, ஒரு செயலே நீக்கப்படுவது வேறு. நீக்கப்பட்ட செயல் ஒருவரின் வேலைக்கு இன்றியமையாததாக இருந்தால், எத்தனை வாரம் பழகினாலும் இடர்ப்பாடு தீராது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது இச்சிக்கலைப் புரிந்துகொள்ள உதவும்.

வடசென்னைத் துறைமுகப் பணியில் உலாவி

சென்னைத் துறைமுகம் 1881 முதல் இயங்கிவருகிறது. அதன் எதிரே ராஜாஜி சாலையில் சுங்க இல்லம் உள்ளது. வடக்கே எண்ணூரில் 2001-இல் தொடங்கப்பட்ட துறைமுகம் 2014 முதல் காமராஜர் துறைமுகம் எனப்படுகிறது. அதை அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி ஆகிய பகுதிகளில் சரக்குப் பெட்டக நிலையங்களும் கிடங்குகளும் உள்ளன. பாரிமுனை, மண்ணடித் தெருக்களில் சுங்க முகவர்கள், கப்பல் முகவர்கள், சரக்கனுப்பு நிறுவனங்கள் ஆகியோரின் சிறு அலுவலகங்கள் நெருக்கமாக அமைந்துள்ளன.

ஒரு காலத்தில் இந்த அலுவலகங்களின் ஊழியர் கையில் கோப்புக் கட்டுடன் சுங்க இல்லத்தின் மாடிகளில் ஏறி இறங்குவார். இன்று அந்த நடையின் பெரும்பகுதி திரைக்கு மாறிவிட்டது. இந்தியச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையவாயில் வழியாக ஆவணங்கள் தாக்கலாகின்றன. 2012-இல் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட சுங்க வரியை மின்னணு முறையில் செலுத்துவது கட்டாயமானது. சுங்க முகவர் வழியாகத் தாக்கலாகும் ஆவணங்களுக்கு எண்ணிமக் கையொப்பம் 2016 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. விலைப்பட்டியல் முதலிய துணை ஆவணங்களைப் பதிவேற்றும் இ-சஞ்சித் முறை 2018-இல் நாடெங்கும் பரவியது. சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் வேறு ஊரிலுள்ள அதிகாரி திரையிலேயே மதிப்பீடு செய்யும் முகமறியா மதிப்பீட்டு முறை, 2020 ஜூன் 8 அன்று முதற்கட்டமாகப் பெங்களூருவிலும் சென்னையிலும் தொடங்கியது. அதிகாரி எழுப்பும் கேள்வியும் அதற்கான பதிலும் திரை வழியாகவே நடக்கின்றன. நேரில் சென்று விளக்கும் வாய்ப்பு குறைந்ததால், உலாவிச் சாளரமே அலுவலகத்தின் முதன்மையான வாயிலாகிவிட்டது.

இந்த வேலைக்குக் காலக்கெடு உண்டு. இறக்குமதிச் சரக்குக்கான பில் ஆஃப் என்ட்ரி எனப்படும் நுழைவுப் பட்டியலை, கப்பல் வந்த நாளுக்கு அடுத்த நாள் முடிவதற்குள், விடுமுறை நாள்கள் நீங்கலாக, தாக்கல் செய்ய வேண்டும் என்று 2017 நிதிச் சட்டம் விதித்தது. தாமதித்தால் முதல் மூன்று நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் கட்டணம். ஐந்து நாள் தாமதமானால் 35,000 ரூபாய். 2021-இல் விதி மேலும் இறுகி, பொதுவாகச் சரக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளே தாக்கல் முடிந்திருக்க வேண்டும் என்றானது. இதனுடன் சரக்கு நிலைய வாடகையும், பெட்டகத்தைத் திருப்பித் தரத் தாமதமானால் கப்பல் நிறுவனம் வாங்கும் கட்டணமும் சேரும்.

இந்தப் பின்னணியில் சிறு இடைமுக மாற்றங்களின் எடை கூடுகிறது. வரி செலுத்தும்போது வங்கியின் பக்கம் தனிச் சாளரமாகத் திறக்க வேண்டியிருக்கலாம். உலாவி அதைத் தடுத்துவிட்டு, முகவரிப் பட்டையின் ஓரத்தில் சிறு குறியொன்றை மட்டும் காட்டும். அந்தக் குறியின் பொருள் தெரியாதவர் பணம் செலுத்தும் பக்கம் பழுதாகிவிட்டது என்றே நினைப்பார். திரும்பவும் பொத்தானை அழுத்துவார். சலானைத் தரவிறக்கியதும் சாளரத்தின் அடியில் தேடிப் பழகியவருக்கு, 2023-க்குப் பிறகு அங்கே எதுவும் தென்படாது. கோப்பு இறங்கவில்லை என்று எண்ணி அதையே மூன்று முறை தரவிறக்குவார். பத்து நிமிடத் தேடல் ஒரு நாளைத் தின்றுவிடாது என்பது உண்மை. ஆனால் காலக்கெடு நாளின் மாலையில், சரக்கு நிலைய வாசலில் லாரி காத்திருக்கும் வேளையில், அந்தப் பத்து நிமிடம் சாதாரணமானதல்ல.

துறைமுக அலுவலகங்களைப் போலவே மாணவர்களும் உலாவியை நம்பியிருக்கின்றனர். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. கல்லூரி விருப்பப் பட்டியலைக் குறித்த நாள்களுக்குள் நிரப்பிப் பூட்ட வேண்டும். வீட்டில் கணினி இல்லாத ராயபுரம், திருவொற்றியூர் மாணவர் இதை இணைய மையத்தில் அமர்ந்து செய்ய நேரிடுகிறது. அவர் பள்ளியில் பழகிய உலாவி ஒரு பதிப்பு, மையத்தில் இருப்பது வேறொரு பதிப்பு. கைப்பேசியில் பார்ப்பது இன்னொரு தோற்றம். சொந்தக் கணினி உள்ளவருக்கு மாற்றம் எப்போதாவது வருகிறது. பிறர் கணினியில் வேலை செய்பவருக்கு ஒவ்வோர் இருக்கையும் ஒரு மாற்றம்தான்.

செருகுநிரல்கள் நீக்கப்பட்டபோது

தோற்ற மாற்றத்தைவிட ஆழமான பாதிப்பை ஏற்படுத்தியது செருகுநிரல்களின் நீக்கம். எண்ணிமக் கையொப்பம் பொதுவாக ஒரு யுஎஸ்பி டோக்கனில் இருக்கும். உலாவியிலுள்ள பக்கம் அந்த டோக்கனை நேரடியாக அணுக முடியாது. இந்த இடைவெளியை நிரப்ப இந்திய அரசுத் தளங்கள் பல ஜாவா ஆப்லெட் என்ற சிறு நிரலைப் பயன்படுத்தின. அது உலாவிக்குள் செருகுநிரலாக இயங்கி, டோக்கனைப் படித்துக் கையொப்பமிடும். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய மின்னணு ஒப்பந்தப்புள்ளி அமைப்பும், அதன் அடிப்படையில் இயங்கும் தமிழ்நாடு அரசின் ஒப்பந்தப்புள்ளித் தளமும் இம்முறையில் செயல்பட்டவை.

செருகுநிரல்கள் உலாவியின் பாதுகாப்பு வேலிக்கு வெளியே இயங்கியதால், தீநிரல்கள் நுழையும் வழியாகவும் இருந்தன. குரோம் 2015 ஏப்ரலில் இவற்றை இயல்பாக முடக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 45-ஆம் பதிப்பில் முற்றிலும் நீக்கியது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 உடன் வந்த எட்ஜ் உலாவியில் அவற்றுக்கு இடமே இல்லை. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் வந்த 52-ஆம் பதிப்பில், ஃபிளாஷ் தவிர மற்ற செருகுநிரல்களைக் கைவிட்டது. அரசு அலுவல்களில் எண்ணிமக் கையொப்பம் கட்டாயமாகிவந்த அதே ஆண்டுகளில்தான், கையொப்பமிட உதவிய வழி உலாவிகளில் அடைபட்டது.

இதன் விளைவாக ஒரே கணினியில் இரண்டு உலாவிகள் வைத்திருப்பது பல அலுவலகங்களில் வழக்கமாயிற்று. அன்றாடப் பயன்பாட்டுக்குப் புதிய உலாவி, கையொப்பத்துக்குப் புதுப்பிக்கப்படாத பழைய உலாவி அல்லது இன்டர்நெட் எக்ஸ்புளோரர். பழைய உலாவியின் தானியங்கிப் புதுப்பிப்பை வேண்டுமென்றே நிறுத்திவைப்பார்கள். பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட நீக்கம், பணம் புழங்கும் கணினிகளையே பாதுகாப்பற்ற பழைய பதிப்பில் தங்கவைத்தது என்பது இதிலுள்ள முரண்.

பின்னர் அரசுத் தளங்கள் மாற்று வழிக்கு வந்தன. கையொப்பமிடும் நிரல் உலாவிக்கு வெளியே கணினியில் தனியாக நிறுவப்படும். பக்கம் அதனுடன் தொடர்புகொள்ளும். 2017 ஜூலையில் தொடங்கிய சரக்கு மற்றும் சேவை வரித் தளம் எம்சைனர் என்ற நிரலை இப்படிப் பயன்படுத்துகிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரே விண்டோஸ் 10-இல் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றது. அதை நம்பிய பழைய தளங்களுக்காக எட்ஜ் உலாவியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பயன்முறை வைக்கப்பட்டுள்ளது. அது 2029 வரையிலாவது நீடிக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது.

நீட்சிகளின் கதையும் இதை ஒத்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு தமிழ்ச் செய்தித் தளங்கள் பல தத்தம் எழுத்துரு முறைகளைப் பயன்படுத்தின. ஃபயர்பாக்ஸில் அவற்றைப் படிக்க, பழைய குறியாக்கத்தை ஒருங்குறியாக மாற்றிக்காட்டும் பத்மா என்ற நீட்சி உதவியது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியை ஏற்ற பின்னர் அதன் தேவை படிப்படியாகக் குறைந்தது. 2017-இல் பழைய வகை நீட்சிகள் அனைத்தும் ஃபயர்பாக்ஸில் நின்றபோது, பழைய குறியாக்கத்திலேயே தங்கிவிட்ட பக்கங்களைப் படிப்பதற்கான எளிய வழியொன்றும் நின்றது.

மாற்றத்தின் தேவை

எல்லா மாற்றத்தையும் தேவையற்றது என்று கருதுவதும் தவறு. பேக்ஸ்பேஸ் விசை இதற்கு எடுத்துக்காட்டு. பழைய உலாவிகளில் இவ்விசை எழுத்தை அழிக்கவும் முந்தைய பக்கத்துக்குச் செல்லவும் பயன்பட்டது. படிவத்தை நிரப்பும்போது சுட்டி கட்டத்துக்கு வெளியே இருந்து, எழுத்தை அழிக்க இவ்விசையை அழுத்தினால் பக்கம் பின்சென்றுவிடும். நிரப்பியது முழுதும் போய்விடும். 2016 ஜூலையில் வந்த குரோம் 52 இந்தப் பின்செல்லும் செயலை நீக்கியது. ஃபயர்பாக்ஸ் 2021 மார்ச்சில் அதையே செய்தது. பழகியவர்கள் முணுமுணுத்தனர். ஆனால் நீண்ட படிவம் நிரப்புவோருக்கு இது பாதுகாப்பு.

திரைகள் மாறியதும் ஒரு காரணம். கணினித் திரைகள் அகலமாகி உயரம் குறைந்தபோது, பட்டைகள் எடுத்துக்கொண்ட உயரம் பக்கத்துக்கான இடத்தைக் குறைத்தது. கைப்பேசித் திரை அதைவிடச் சிறியது. ஒரே உலாவி எல்லாக் கருவிகளிலும் ஏறத்தாழ ஒரே தோற்றம் தர வேண்டும் என்று நிறுவனங்கள் விரும்பின. அவை பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைத் திரட்டி, பெரும்பாலோர் தொடாத பொத்தான்களை நீக்கவும் செய்கின்றன. இந்த அளவீட்டில் ஒரு குறை உண்டு. நூற்றில் ஒருவர் மட்டுமே ஒரு பொத்தானைப் பயன்படுத்துவதாகத் தெரியலாம். அந்த ஒருவரின் பிழைப்பு அதை நம்பியிருப்பது எண்ணிக்கையில் தெரியாது.

தமிழ் விசைப்பலகை: ஓர் ஒப்பீடு

கைப்பழக்கத்தை மதித்துக்கொண்டே மாற்றத்தைக் கொண்டுவர முடியும் என்பதற்குத் தமிழ்க் கணிமையே சான்று. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பைப் பயிற்சி நிலையங்களில் கற்றுத் தேர்வெழுதியவர்கள் பல்லாயிரம் பேர். கணினி வந்த பிறகு, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்99 என்ற புதிய விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது. அறிவியல் நோக்கில் அது எளிதானது. ஆனாலும் எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள் தமிழ்99-ஐ மட்டும் தந்து மற்றவற்றை நீக்கிவிடவில்லை. பழைய தட்டச்சு முறை, ஒலியியல் முறை ஆகியவற்றையும் தெரிவாக வைத்தன. புதிதாகக் கற்பவர் தமிழ்99-ஐ எடுத்தார். தட்டச்சு நிலையத்தில் பழகியவர் தம் விரல் பழக்கத்தோடே ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தார். உள்ளே குறியாக்கம் முழுவதும் மாறியபோதும், மேலே விரலுக்குத் தெரிந்த ஒழுங்கு மாறவில்லை.

பயனர் செய்யக்கூடியவை

குறுக்குவிசைகளைக் கற்றுக்கொள்வது முதல் தற்காப்பு. பொத்தான்கள் இடம் மாறினாலும் முதன்மையான குறுக்குவிசைகள் நெடுங்காலமாக மாறவில்லை. விண்டோஸ் கணினியில் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் கண்ட்ரோல்+ஜே தரவிறக்கங்களைக் காட்டும். கண்ட்ரோல்+எல் முகவரிப் பட்டைக்கு அழைத்துச் செல்லும். கண்ட்ரோல்+ஹெச் சென்றுவந்த பக்கங்களின் பட்டியலைத் தரும். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டி தவறுதலாக மூடிய தாவலைத் திரும்பத் திறக்கும். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி புத்தகக்குறிப் பட்டையைக் காட்டவும் மறைக்கவும் உதவும்.

ஃபயர்பாக்ஸில் ஆல்ட் விசையை அழுத்தினால் பழைய பட்டி வரிசை இன்றும் தோன்றும். கருவிப்பட்டையில் வலச்சொடுக்கு செய்து அதை நிலையாகவே வைத்துக்கொள்ளலாம். மாற்றங்கள் அடிக்கடி வேண்டாம் என்ற அலுவலகங்கள் ஃபயர்பாக்ஸின் நீட்டித்த ஆதரவுப் பதிப்பை நிறுவலாம். 2012 முதல் வெளிவரும் இப்பதிப்பில் பெரிய மாற்றம் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

புதுப்பிப்பை முற்றிலும் நிறுத்துவது தீர்வாகாது. வங்கிப் பக்கமும் எண்ணிமக் கையொப்பமும் பயன்படும் கணினியில் பழைய உலாவி ஆபத்தானது. பழைய கணினிகளில் புதுப்பிப்பு தானாகவே நின்றுவிடுவதையும் கவனிக்க வேண்டும். குரோம் 2016-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கும், 2023 தொடக்கத்தில் விண்டோஸ் 7-க்கும் ஆதரவை நிறுத்தியது. பழைய தளம் ஒன்றுக்காகப் பழைய முறை தேவையென்றால், எட்ஜ் உலாவியின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பயன்முறையை அத்தளத்துக்கு மட்டும் அமைப்பது நல்லது.

அலுவலகத்தில் எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் மாறவிடாமல், ஒன்றில் புதிய பதிப்பைச் சோதித்துப் பார்ப்பது பயன் தரும். தாக்கல், கட்டணம், கையொப்பம், தரவிறக்கம் ஆகிய நான்கும் அதில் நடக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றைப் புதுப்பிக்கலாம். காலக்கெடு நாளில் உலாவியைப் புதுப்பிக்காமல் இருப்பது எளிய ஒழுங்கு. இணைய மையத்தில் விண்ணப்பிக்கும் மாணவர், கடைசி நாளுக்கு முன்பே ஒருமுறை அதே கணினியில் உள்நுழைந்து, ஒரு கோப்பைத் தரவிறக்கிப் பார்த்துக்கொண்டால் பதற்றம் குறையும். வழிகாட்டிக் குறிப்பு எழுதுவோர் பொத்தானின் இடத்தை மட்டும் குறிக்காமல், அதற்குரிய குறுக்குவிசையையும் சேர்த்து எழுதினால் அக்குறிப்பு நெடுநாள் பயன்படும்.

வடிவமைப்போர் பொறுப்பு

மாற்றத்தை முன்கூட்டியே அறிவித்தல், பழைய தோற்றத்துக்குத் திரும்பும் தெரிவைப் போதிய காலம் வைத்திருத்தல், நீக்கப்படும் செயலுக்கு மாற்று வழி தயாரான பிறகே நீக்குதல் ஆகிய மூன்றும் உலாவி நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை. அரசுத் தளங்களை உருவாக்குவோருக்கும் இதில் பங்குண்டு. ஒரு குறிப்பிட்ட உலாவியின் குறிப்பிட்ட பதிப்பில் மட்டும் இயங்கும் தளம், அந்த உலாவி மாறும் நாளில் நின்றுபோகும். திறந்த தரமுறைகளின்படி அமைந்த தளம் உலாவி மாறினாலும் இயங்கும். சட்டம் காலக்கெடுவையும் தாமதக் கட்டணத்தையும் விதிக்கும் பணிகளில், உலாவி மாற்றத்தால் வரும் தாமதத்தின் செலவு அதை வடிவமைத்தவரிடம் செல்வதில்லை. மண்ணடியிலோ திருவொற்றியூரிலோ அந்தத் திரையின் முன் அமர்ந்திருப்பவரின் கணக்கில்தான் அது ஏறுகிறது.